தோட்டத்து வாக்கு (14): ஈஜோக்கின் பத்து மாதங்கள்

2007 ஏப்ரல் 28, சனிக்கிழமை. கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கே. சிவலிங்கம் அந்த மாதத் தொடக்கத்தில் காலமானார். அவர் இடத்துக்குக் கட்சி கே. பார்த்திபனை நிறுத்தியது. எதிரே மக்கள் நீதிக் கட்சியின் அப்துல் காலிட் இப்ராஹிம். எண்ணி முடித்தபோது பார்த்திபனுக்கு 5,884, காலிட்டுக்கு 4,034. வித்தியாசம் 1,850. முந்திய பொதுத்தேர்தலில் சிவலிங்கம் வாங்கிய பெரும்பான்மையைவிட இது கொஞ்சம் கூடுதல். துணைப் பிரதமர் நஜிப் முன்னின்று நடத்திய பிரசாரமும், அவசர அவசரமாகப் போட்ட தார்ச்சாலைகளும், ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவின் தோட்டச் சுற்றுகளும் பலித்துவிட்டன என்று ஆளும் தேசிய முன்னணி கொண்டாடியது. அன்வார் இப்ராஹிமின் கட்சி இத்தோடு முடிந்தது என்று எழுதியவர்களும் உண்டு.

2008 மார்ச் 8. அதுவும் சனிக்கிழமைதான். அதே காலிட் அதே ஈஜோக்கில் ஜெயித்தார். ஜெயித்தது மட்டுமில்லை, மந்திரி பெசாராகவும் (மாநில முதல்வர்) ஆனார். 56 இடங்கள் கொண்ட சிலாங்கூர் சட்டமன்றத்தில் 36 எதிர்க்கட்சிகளுக்குப் போயிருந்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன், 2004இல், அதே 56இல் 54 தேசிய முன்னணியிடம் இருந்தது. நாட்டிலேயே பணக்கார மாநிலம், சுதந்திரம் வந்த நாளிலிருந்து ஆளுங்கூட்டணி ஒரு முறையும் பறிகொடுக்காத மாநிலம், ஒரே இரவில் கைமாறியது.

இந்தப் பத்து மாதத்துக்குள் ஈஜோக்கின் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்த இதழின் கதை. "ஹிண்ட்ராஃப்" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அது தவறில்லை, ஆனால் கயிறு அறுந்த நாளை மட்டும் சொல்லி, அது இற்றுப்போன முப்பது ஆண்டை விட்டுவிடுகிற விடை அது.

முதலில் அந்த வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைவிட வேடிக்கையான பொருத்தம் இந்தத் தொடர் முழுவதிலும் கிடைக்காது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தை திறந்த நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தை மலேசியா வாங்கிவிட்ட கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். வாங்கியது பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம். அந்தத் திட்டத்தின் மூளைகளில் ஒருவர் அதன் தலைமை நிர்வாகியாக இருந்த காலிட். பிறகு கத்ரிக்கே தலைமை நிர்வாகியானார். நாட்டின் மிகப் பெரிய தோட்ட நிறுவனங்களில் ஒன்றை நடத்தியவர், பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகளிடம் வாக்குக் கேட்டு வந்தார். எதிரே நின்றது, தோட்டத் தமிழரின் கட்சி என்று அறுபது ஆண்டாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கட்சி. 2007இல் தோட்டத்துப் பெட்டிகள் பெரும்பாலும் கட்சியின் பக்கமே நின்றன. அடுத்த ஆண்டு துரையின் நாற்காலியில் இருந்தவருக்கே போட்டார்கள். காலிட்மீது காதல் வந்துவிட்டதாக நினைத்தால் ஏமாறுவோம். அவர் யார் என்பது அந்த ஆண்டு யாருக்கும் பெரிய விஷயமாகவே இல்லை.

*

இந்த வாக்கு எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

1955இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் இந்தியர் நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருந்தவர்களுக்கு இந்தக் கதி, ஏனென்றால் வாக்குரிமை குடியுரிமையோடு வந்தது. குடியுரிமை பத்திரங்களோடு வந்தது. தோட்டத்து லயத்தில் பத்திரம் வைத்திருந்தவர் யார்? பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிறந்தவர்கள், கிராணி எழுதிய தப்பான பெயரோடு வளர்ந்தவர்கள், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள். 1957க்குப் பிறகு மனு எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு அழைத்துப் போய், சாட்சிக் கையெழுத்துப் போட்டு நீல அட்டை வாங்கித் தந்தவர் பல தோட்டங்களில் ம.இ.கா. கிளைத் தலைவர்தான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்கள் அந்த நீல அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்கள். அட்டை வாங்கித் தந்தவர் கை காட்டிய சின்னத்துக்கு வாக்கு. கூட்டணிக் காலத்தில் அது கப்பல். 1974க்குப் பிறகு தேசிய முன்னணியின் தராசு.

நன்றி மட்டுமல்ல. தோட்டம் தனியார் நிலம் என்பதை மறந்துவிட்டு இந்த அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. சாலை, தண்ணீர், மின்சாரம், வீடு, பிள்ளைக்காப்பகம், பள்ளிக்கூட நிலம் எல்லாம் நிர்வாகத்தின் கையில். பக்கத்துக் கம்பத்துக்கு அரசாங்கம் ஊரக மேம்பாட்டு நிதியிலிருந்து விளக்குப் போட்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் அது வரவில்லை. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட முடியாது என்பார்கள். ஆக, ஏதாவது வேண்டுமென்றால் துரையிடம் பேசக்கூடிய ஆள் வேண்டும். அந்த ஆள் ஒன்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர், இல்லாவிட்டால் ம.இ.கா. கிளைத் தலைவர். பல இடங்களில் இருவரும் ஒருவரே. கோயில் தலைவரும் அவரேதான்.

வேலி இன்னொரு வேலையும் செய்தது. வெளியாரைத் தோட்டத்துக்குள் விட வேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று என்று முன்பே பார்த்தோம். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய விதி போயிற்று. ஆனால் எதிர்க்கட்சிக்காரன் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் லயத்துக்குள் வந்து கூட்டம் போடுவது அதற்குப் பிறகும் நெடுங்காலம் சுலபமில்லை. வாக்குச் சாவடி பெரும்பாலும் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக எண்ணப்பட்டது. எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மறுநாள் பிரட்டுக்களத்திலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தனியாக மனம் மாறுவது கடினம்.

எல்லாரும் எப்போதும் தராசுக்கே போட்டார்கள் என்று சொல்வதும் பொய்தான். 1959இல் சோசலிச முன்னணி நாடாளுமன்றத்தில் வென்ற எட்டு இடங்களில் பாதிக்கு மேல் சிலாங்கூரில்: பங்சாரில் வி. டேவிட், டாமன்சாராவில் கரம் சிங், செத்தாப்பாக்கில் அகமட் புஸ்தாமாம், ரவாங்கில் லியூ யோங் பெங் உள்ளிட்டோர். ரவாங் நம் பகுதியை ஒட்டிய தொகுதி. அந்த அலை 1964இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் அடங்கிவிட்டது. 1969 மே 10ஆம் தேதி சிலாங்கூர் சட்டமன்றம் 28இல் 14க்கு 14 என்று நின்றது. அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. மே 13 இனக்கலவரத்துக்குப் பின் எதிர்த்து வாக்களிப்பதே ஒரு பயமாக ஒரு தலைமுறைக்கு மனதில் உட்கார்ந்தது. இந்தப் பயத்தின் பங்கை நம் வரலாற்றாசிரியர்கள் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

*

பிறகு தோட்டமே போயிற்று.

ரப்பர் செம்பனையானது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள், வாக்குச் சீட்டு இல்லாதவர்கள். 1990களில் நிலத்தின் விலை எகிறியது. புக்கிட் பெருந்தோங், சுங்கை புவாயா, புஞ்சாக் ஆலாம் என்று புதுப் பெயர்கள் வரைபடத்தில் முளைத்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் தோட்டங்களைவிட்டு வெளியேற்றப்பட்ட இந்தியர் 3 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நஷ்டஈடு என்று கைக்கு வந்தது வேலை செய்த ஆண்டுக்கு இத்தனை நாள் கூலி என்ற கணக்கு. வீடு கணக்கில் இல்லை, ஏனென்றால் லயம் நிர்வாகத்துடையது. வேலை போன நாளே வீடும் போனது.

உலு சிலாங்கூர் பக்கத்தில் நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் வாக்குறுதி தரப்பட்ட வீட்டுக்காக எத்தனை தேர்தல்களைக் கண்டன என்பது தனிக் கதை. கோலசிலாங்கூரில் ராஜா மூசா, துவான் மீ, ஹோப்ஃபுல், கோல்ஃபீல்ட்ஸ் என்ற பெயர்கள் இன்று பலருக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெயராகத்தான் தெரியும். தோட்டத்தில் ஆள் குறைந்தாலும் பள்ளிக்கூடம் பெயரை விடவில்லை.

கிளைத் தலைவரின் நிலைமையை இங்கே யோசித்துப் பாருங்கள். அவர் துரையிடம் பேசுவார் என்பதால்தான் அவருக்கு மதிப்பு. துரை போய், மேம்பாட்டு நிறுவனம் வந்தபோது அவர் பேச ஆளில்லை. பேசினாலும் நிலம் மாநில அரசின் அதிகாரம். மாநில அரசு அம்னோவின் கையில். கட்சி மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பார்க்கும். மக்கள் கேட்டது மாற்று நிலம், கோயிலுக்கு இடம், பள்ளிக்கு இடம். கிடைத்தது பார்க்கிறோம் என்ற பதில்.

1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. இந்தியருக்கும் பங்குடமை வேண்டும் என்ற நல்ல யோசனை. ஏறத்தாழ 66,000 பேர் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை விற்றும் ஊழியர் சேமநிதியை எடுத்தும் போட்டவர்கள் அதில் நிறைய. ஒரு தலைமுறை காத்திருந்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. 1990இல் டெலிகோம் பங்கு ஒதுக்கீட்டில் மைக்காவுக்கு வர வேண்டியதாகச் சொல்லப்பட்ட ஒரு கோடிப் பங்கில் பத்து லட்சம்தான் வந்தது என்ற சர்ச்சை நாளிதழ்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஆனாலும் பாருங்கள், 1995இலும் 1999இலும் 2004இலும் தோட்டத்து வாக்கு அசையவில்லை. 1999இல் அன்வார் சிறையில் இருந்தபோது மலாய் வாக்கே பிளந்தது. சிலாங்கூரில் தேசிய முன்னணி அப்போதும் 48இல் 42ஐ வென்றது. அந்த முறை ஆளுங்கட்சியைத் தூக்கி நிறுத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு.

கோபம் இருந்தும் வாக்கு மாறாமல் இருந்தது எப்படி? இதற்கு உலகின் மறுகோடியிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்க மாநிலம். அங்கும் கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, தொழிற்சங்கம். 1932 முதல் 1996 வரை பதினேழு அதிபர் தேர்தல்களில் மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 1950 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர் 2000இல் இருபதாயிரத்துக்கும் கீழே வந்திருந்தார்கள். சுரங்கம் மூடி, சங்கம் மெலிந்து பல ஆண்டுகள் கழிந்தும் வாக்கு பழைய பக்கமே போய்க்கொண்டிருந்தது. 2000இல் புஷ் திடீரென்று அதைத் தட்டிச் சென்றார். 2016இல் டிரம்புக்கு அங்கே நூற்றுக்கு 68. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்த மாநிலத்து வாக்காளர் பதிவேட்டில் ஜனநாயகக் கட்சிக்காரர்களே அதிகம். பழைய கட்சியின் பதிவை மாற்றாமலே புதிய கட்சிக்கு வாக்களித்தார்கள்.

நம் தோட்டங்களிலும் அதுதான். ம.இ.கா. தன் உறுப்பினர் எண்ணிக்கையை ஆறு லட்சத்துக்கும் மேல் என்று சொல்லிக்கொண்டது. 2008 மார்ச் 8 அன்று மாலை அந்த உறுப்பினர் அட்டைகள் எல்லாம் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன.

*

இனி அந்தப் பத்து மாதம்.

ஈஜோக் முடிந்து நான்கு மாதத்தில், 2007 ஆகஸ்ட் கடைசியில், ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் தலைவர், வழக்கறிஞர் பி. வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசின்மீது வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தக் கூலிகளாக அழைத்து வந்து, சுதந்திரத்தின்போது கைவிட்டுப் போனதற்கு நஷ்டஈடு: நான்கு டிரில்லியன் அமெரிக்க டாலர். சட்டம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு வீட்டு மாடியில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இவ்வளவு கடன் பாக்கி இருக்கிறது என்று யாரோ ஒருவர் முதல் முறையாக எண்ணிச் சொல்லியிருந்தார். தொகையைவிட அந்தக் கணக்குதான் பரவியது.

அக்டோபர் 30ஆம் தேதி ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. கோயில் உடைப்பு அதற்கு முன்பும் நடந்ததுதான். தோட்டம் விற்கப்படும்போதெல்லாம் கோயிலும் "சட்டவிரோதக் கட்டுமானம்" ஆகிவிடும். லயம் போனபோது சும்மா இருந்தவர்களுக்கும் அம்மன் போனபோது பொறுக்கவில்லை என்று சிலர் இதை விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் முழுதாக ஒப்பவில்லை. தோட்டம் கலைந்தபின் ஒரே இடத்தில் வேலை இல்லை, ஒரே சங்கம் இல்லை, பிரட்டுக்களம் இல்லை. நாலா பக்கமும் சிதறியவர்கள் ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குக் கூடிய ஒரே இடம் பழைய தோட்டத்துக் கோயில்தான். அங்கே கை வைத்தபோது மிச்சமிருந்த ஊரிலேயே கை வைத்ததாக ஆயிற்று. பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கோபம் விளங்கும்.

நவம்பர் 25, ஞாயிறு. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுக்கக் கோலாலம்பூருக்கு வந்த கூட்டத்தைப் பத்தாயிரம் என்றவரும் உண்டு, முப்பதாயிரம் என்றவரும் உண்டு. விடிவதற்கு முன்பே பத்துமலை வாசலில் கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும். காந்தி படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்மீது நீர் பீய்ச்சிய காட்சி கைப்பேசிகளிலும் குறுவட்டுகளிலும் வடக்குச் சிலாங்கூர்வரை வந்து சேர்ந்தது. டிசம்பர் 13இல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கங்காதரன், வசந்தகுமார் ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். "மக்கள் சக்தி" என்ற முழக்கம் தோட்டத்துக்குள் நுழைய இப்போது நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படவில்லை. வேலிக்குள் இருந்தவர்களைவிட வெளியே இருந்தவர்கள் அதிகம். பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலை வேலை. அவர்கள் சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் பேசினார்கள். கிளைத் தலைவர் ஐம்பது ஆண்டாகச் செய்த வேலையை அந்தப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் செய்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

வாக்களித்த முறையில்தான் அந்த ஆண்டின் உண்மையான அதிசயம். கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்ற எதிர்க்கட்சி வேட்பாளர் பாஸ் கட்சியின் டாக்டர் சுல்கிப்ளி அகமட். பச்சைக் கொடி, வெள்ளை நிலா. பாஸ் வந்தால் கோயில் இருக்காது, வேட்டி கட்ட முடியாது என்று சொல்லி ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டத்தாரைப் பயமுறுத்தப் பயன்பட்ட கட்சி. அதே நிலாவுக்குத் தமிழர் குத்தினார்கள். சுல்கிப்ளி ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கில்தான் ஜெயித்தார். மலாய் வாக்கு இரண்டாகப் பிளந்து கிட்டத்தட்டச் சமமாக நிற்கிற தொகுதியில் தோட்டத்துக் கால்வாசி வாக்கு எங்கே சாய்கிறதோ அங்கேதான் வெற்றி. பக்கத்து உலு சிலாங்கூரில் 1990 முதல் உறுப்பினராக இருந்த ம.இ.கா. துணைத் தலைவர் ஜி. பழனிவேல் 198 வாக்கில் தோற்றார். பேராக்கில் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவே டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்றார். கிள்ளானில் மனோகரன் கமுந்திங்கில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத்தை வென்றார்.

மாநிலத்து வரைபடத்தை எடுத்து அந்த இரவின் முடிவுகளை அதில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். தஞ்சோங் காராங், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் மூன்றும் நெல்வயல் நாடு. மூன்றும் தேசிய முன்னணியிடமே நின்றன. அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் ரப்பரும் செம்பனையும் இருந்த கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், செலாயாங் மூன்றும் கைமாறின. மாநிலத்தின் 22 நாடாளுமன்ற இடங்களில் தேசிய முன்னணிக்கு மிஞ்சிய ஐந்தில் மூன்று அந்த வயல்காட்டில். ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து காட்டை வெட்டிக் கால்வாய் போட்டு நிலத்துக்குப் பட்டா வாங்கியவர்கள் வயல்காரர்கள். அரசாங்கம் அவர்களுக்கு உரம் தந்தது, மானியம் தந்தது. லயத்துக்காரனுக்குக் கொடுக்க அரசாங்கத்திடம் ஒன்றுமே இருந்ததில்லை. இதைச் சாதிக் கணக்காகவும் மதக் கணக்காகவும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நிலக் கணக்காக ஒருமுறை பார்த்தாலும் நஷ்டமில்லை.

*

இதோடு தோட்டத்து வாக்கு எதிர்க்கட்சிக்குச் சொந்தமாகிவிட்டது என்று அந்த எதிர்க்கட்சிகள் அமைத்த மக்கள் கூட்டணி நினைத்தது. மாநில அரசு மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை இலவசமாக்கியது. டாக்டர் சேவியர் ஜெயகுமார் ஆட்சிக்குழுவில் இருந்து தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில மானியம் கொண்டுவந்தார். இவை உண்மையான வேலைகள். ஆனால் 2009 ஆகஸ்டில் ஷா ஆலாம் 23ஆம் செக்‌ஷனில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து ஒரு கூட்டம் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனபோது, ஆட்சி மாறினாலும் கோயிலுக்கு இடம் தேடுவது சுலபமாகவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல். ம.இ.கா.வின் பி. கமலநாதன் முன்னாள் அமைச்சர் சைட் இப்ராஹிமை 1,725 வாக்கில் வென்றார். இரண்டு ஆண்டு முன் துணைத் தலைவரைத் தோற்கடித்த தொகுதி, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு புதியவரை ஏற்றுக்கொண்டது. 2013 ஏப்ரலில் வேதமூர்த்தியே நஜிப்போடு ஒப்பந்தம் போட்டார். தேர்தலுக்குப் பின் துணையமைச்சரானார், ஒரு ஆண்டு முடிவதற்குள் பதவியையும் விட்டார். அந்தத் தேர்தலில் கோலசிலாங்கூர் நாடாளுமன்றம் 460 வாக்கில் தேசிய முன்னணிக்குத் திரும்பியது. ஆனால் அதே ஈஜோக் சட்டமன்றத்தில் மீண்டும் நின்ற பார்த்திபன், மக்கள் நீதிக் கட்சியின் இட்ரிஸ் அகமட்டிடம் தோற்றார். ஒரே சாவடியில், ஒரே நாளில், ஒரு சீட்டு இங்கே, ஒரு சீட்டு அங்கே. முன்பெல்லாம் இரண்டு சீட்டிலும் தராசைப் பார்த்துக் குத்திய கைகள் இவை.

2018இல் மறுபடி அலை. சுல்கிப்ளி இம்முறை அமானா கட்சியில் நின்று பெரிய வித்தியாசத்தில் வந்தார். உலு சிலாங்கூரில் கமலநாதன் போனார். வேதமூர்த்தி அப்போது நம்பிக்கைக் கூட்டணி அமைச்சரானார்! 2022இல் நிலைமை இன்னும் சிக்கல். சுல்கிப்ளி நிதியமைச்சர் தெங்கு சாப்ருலை 1,002 வாக்கில் தாண்டினார். உலு சிலாங்கூரில் நம்பிக்கைக் கூட்டணிக்கு சத்திய பிரகாஷ், தேசிய முன்னணிக்கு ம.இ.கா.வின் டி. மோகன் என்று இரண்டு தமிழர் நிற்க, பெரிக்காத்தான் நேஷனலின் ஹஸ்னிசான் ஹருண் இரண்டாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் இடையே புகுந்து எடுத்துக்கொண்டார்.

தேர்தலில் அடித்துக்கொண்ட நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் அது முடிந்ததும் ஒரே அரசாங்கம் அமைத்தன. 2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தலில் ம.இ.கா. எங்குமே போட்டியிடவில்லை. எந்தக் கட்சியைத் தோற்கடிக்க 2008இல் வரிசையில் நின்றார்களோ, அந்தக் கட்சி அப்போது அவர்கள் வாக்களித்த கூட்டணிக்குப் பக்கத்து இருக்கையில். ஈஜோக்கில் அந்த முறை பெரிக்காத்தான் வென்றது. புதுக் குடியிருப்புகளின் மலாய் வாக்கும், 18 வயதில் வாக்குரிமை பெற்ற இளைஞர் வாக்கும் தொகுதியின் கணக்கையே மாற்றியிருந்தன. தமிழர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு மாறும் என்ற பழைய கணிதம் அங்கே இனி செல்லுபடியாகவில்லை.

கடைசியாக 2024 மே 11இல் நடந்த கோலகுபு பாரு இடைத்தேர்தல். வாக்காளரில் இந்தியர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டு. பினாங்கின் முன்னாள் துணை முதல்வர் பேராசிரியர் ராமசாமி, தாம் பல ஆண்டு இருந்த ஜனநாயகச் செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) எதிராகவே வாக்களிக்கச் சொல்லித் தொகுதிக்கு வந்தார். சிலர் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். ஜ.செ.க.வின் பாங் சொக் தாவ் 3,869 வாக்கு பெரும்பான்மையில் வென்றார். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 61 பேர்தான். மூன்று தரப்பும் தாங்கள் சொன்னதைத்தான் தமிழர் கேட்டார்கள் என்று மறுநாள் அறிக்கை விட்டார்கள். ஒருகாலத்தில் கிளைத் தலைவருக்கு இந்தச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த இடைத்தேர்தலில் எல்லாரும் மேடை போட்டுப் பேசிய விஷயங்களில் ஒன்று ஐந்து தோட்டத்தாரின் வீடு. நைஜல் கார்ட்னர் முதல் மின்யாக் வரையிலான குடும்பங்கள் பல ஆண்டாக நடத்திய அந்தப் போராட்டத்தை, அதில் மலேசிய சோசலிசக் கட்சி செய்த வேலையோடு சேர்த்து அடுத்த இதழில் தனியே பார்ப்போம்.